இடையில் நிற்காது

பதினேழாம் நம்பர் பஸ் டிரைவருக்கு டிப்போவில் வைத்த பெயர் 'சிம்மாசனம்'. ஏறி உட்கார்ந்தால் இறங்க மாட்டார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் மற்ற டிரைவர்கள் கீழே குதித்து, காலை உதறிவிட்டு, டீக்கடைப் பக்கம் போவார்கள். இவர் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பார். டீ ஜன்னல் வழியாக வரும், காலி கிளாஸ் ஜன்னல் வழியாகப் போகும். செய்தித்தாளுக்கும் அதே பாதைதான். கல்யாணத்துக்கு எழுந்து நிற்கச் சோம்பல்பட்டுத்தான் ஆள் நாற்பத்தைந்து வயதிலும் தனிக்கட்டையாக இருக்கிறார் என்று டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. அதை மறுத்துப் பேசவும் அவருக்குச் சோம்பல்தான்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு நாள் காலையில் உலகமே தலைகீழாகிப் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமா, அதாவது அக்காவின் கணவர். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, சாம்பல் நிறத்தில் பெரிதாக எதையோ காட்டினார்.

"இது உங்க ஈரல். இதை உங்க அக்காவுக்கு வைக்க முடியாது சார்."

விஷயம் இதுதான். அக்காவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. அவள் தையல்காரி. வீட்டு ஜன்னலோரம் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்தவள். மெஷினுக்கு மோட்டார் மாட்டியதும் காலுக்கு இருந்த ஒரே வேலையும் போயிற்று. உட்கார்ந்த இடத்திலேயே வருஷங்கள் ஓடின. ஈரலில் கொழுப்பு சேர்ந்து, வீங்கி, தழும்பேறி, கடைசியில் அது கையை விரித்துவிட்டது. யாராவது தன் ஈரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுத்தால் அது அவள் வயிற்றுக்குள் வளர்ந்துகொள்ளும், கொடுத்தவருக்கும் மறுபடி வளர்ந்துவிடும். ஈரலுக்கு அப்படி ஒரு பெருந்தன்மை. ஆனால் மாமாவின் ரத்தம் சேரவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. தம்பியின் ரத்தம் கச்சிதமாகச் சேர்ந்தது. அன்றைக்கு மாமா வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சிரித்தார். மறுநாள் இந்த ஸ்கேன் வந்து அந்தச் சிரிப்பில் மண்ணைப் போட்டது.

"ஏன் டாக்டர் வைக்க முடியாது?" என்றார் டிரைவர்.

"உங்க ஈரல் பூரா கொழுப்பு. இதுல பாதியை வெட்டினா மீதி உங்களுக்கே போதாது, வெட்டினது அவங்களுக்கும் உழைக்காது." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த இடத்துல நிறைய பேர் அழுதுட்டுப் போயிடுவாங்க. சில பேர் நடந்தே கொழுப்பைக் கரைச்சுட்டுத் திரும்பி வருவாங்க. நீங்க எந்த ரகம்?"

டிரைவர் மாமாவைப் பார்த்தார். மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நடக்கணும்?"

"தினமும். விடாம. வேகமா. வேகம்னா எப்படின்னா, நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. கொஞ்சம் பளுவும் தூக்குங்க. வாயையும் கட்டணும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம். அதுக்கு மேல இழுத்தா அக்காவுக்குத் தாங்காது."

"எனக்குப் பாட வராது டாக்டர்."

"அப்ப பாதி வேலை மிச்சம்," என்றார் டாக்டர், சிரிக்காமல்.

இந்தச் சேதியை அக்காவிடம் கொண்டுபோனபோது அவள் சோபாவில் போர்வைக்குள் இருந்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகிக் கிடந்தது. ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"யாரைக் கேட்டு என் தம்பி வயித்தைக் கிழிக்கறதுக்கு நாள் குறிக்கறீங்க?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "நான் கேட்டேனா?"

அக்காவுக்கு யாரிடமும் வாங்கிப் பழக்கமில்லை. கொடுத்தே பழகிய கை அது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தால் இரண்டு கிண்ணமாகத் திரும்பிப் போகும். தன் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளை அடுத்தடுத்து வந்த கல்யாணங்களில் கொடுத்தே தீர்த்தவள். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். அவன் ஓடினால் விழுவான் என்று ஓடவிடவில்லை, மரமேறினால் இறக்கிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்குப் பையைக்கூட அவளே சுமந்தாள். தம்பி சிம்மாசனம் ஆனதில் பாதிப் பெருமை அக்காவையே சேரும். இப்போது அந்தத் தம்பியின் உடம்பிலிருந்து ஒரு துண்டை வாங்கிக்கொள் என்றால் எப்படி வாங்குவாள்?

"நீ வேணாம்னு சொன்னா நான் நடக்க மாட்டேனா? நான் பாட்டுக்கு நடக்கறேன்," என்றார் டிரைவர்.

"நட, நட. தெரு முனை வரைக்கும் போய்ட்டு வந்து சொல்லு," என்று அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவர் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் நடை. எங்கே நடப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த பாதை ஒன்றுதான், பதினேழாம் நம்பர் போகிற பாதை. டிப்போவில் தொடங்கி, தபால் ஆபீஸ், பாலம், கண்ணாடிக் கடை, அக்கா வீட்டுத் தெரு, அதைத் தாண்டி மைதானம். அந்தச் சாலையின் பள்ளம் மேடெல்லாம் அவருக்குப் பிட்டத்தால் தெரியும், பாதத்தால் தெரியாது. முதல் நாள் பாலத்து ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தது. இந்த ஏற்றத்தில் வண்டி முனகும்போதெல்லாம் எத்தனை தடவை அதைத் திட்டியிருக்கிறோம் என்று நினைத்து, மனசுக்குள் வண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆனாலும் விடவில்லை. மழை பெய்தால் குடை. கால் வலித்தால் வெந்நீர். ஒரு நாளும் தப்பவில்லை. அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு ஸ்டாப் இருக்கிறது. அங்கே நின்று மேலே பார்ப்பார். மூன்றாவது மாடி ஜன்னலில் அக்கா தெரிவாள். ஏதோ சைகை செய்வாள், இவரும் செய்வார். மாலையில் மாமா டிப்போவுக்கு வருவார், கையில் ஒரு டப்பாவோடு. வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு அக்கா சுட்ட பிஸ்கட். "நடந்து களைச்சிருப்பான்னு கொடுத்துவிட்டா," என்பார் மாமா. உடம்பு முடியாத அக்கா தனக்காக அடுப்படியில் நின்று சுட்டதை எப்படி வேண்டாம் என்பது? வண்டி கிளம்புமுன் டப்பா காலியாகிவிடும்.

ஆறு வாரம் முடிந்தது. மறு ஸ்கேனுக்குப் போகும்போது புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரையில் அதே சாம்பல் நிறம், அதே பெரிய உருவம். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீங்க நிஜமாவே நடந்தீங்களா சார்?"

டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தியமா டாக்டர். ஒரு நாள் விடல."

"நடந்தா கொஞ்சமாவது அசையணுமே. மருந்துக்குக்கூட அசையல." அவர் குரல் இறங்கியது. "எதுவோ இடிக்குது. என்னன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். இன்னும் ஆறு வாரம் பார்ப்போம். போன தடவையே அதுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு சொன்னேன். நாங்க மருந்தை வச்சு இழுத்துப் பிடிக்கறோம். இதுதான் கடைசி."

மூன்று மாடி ஏறி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, அக்காவிடம் போய்ச் சொன்னார். ஒன்றும் குறையவில்லையாம் என்றார். அப்போது அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வருத்தம் இல்லை. நிம்மதி இருந்தது. ஒரு கணம்தான், உடனே மறைத்துக்கொண்டாள். ஆனால் பத்தொன்பது வருஷம் பின்கண்ணாடியில் பிரயாணிகளின் முகத்தைப் படித்த ஆளிடம் அதெல்லாம் செல்லுமா?

டப்பா டப்பாவாக வந்த பிஸ்கட் எல்லாம் அவர் கண் முன்னால் அணிவகுத்து நின்றது.

"அக்கா," என்றார். "நான் தேறக் கூடாதுன்னுதான் சுட்டு அனுப்பினியா?"

அக்கா போர்வையை இழுத்துக்கொண்டு, "உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அதுக்கப்புறம் நான் இருந்து என்னடா பண்றது?" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்குக் கோபம் வந்தது, பாசம் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதைச் சொல்வதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து டப்பாவைத் திறக்கவில்லை. மாமாவையே சாப்பிடச் சொன்னார். ஆனால் மனசுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. பிஸ்கட் தின்றது நிஜம்தான். நடந்ததும் நிஜம்தானே? அந்த நடை எங்கே போயிற்று?

அதைக் கண்டுபிடித்தது கண்டக்டர். பதினேழாம் நம்பரில் அவருக்கு ஜோடி, முப்பது வயசுக்காரப் பெண். டிப்போவில் அவள் விசில் சத்தத்துக்குத் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான், வாய்ச் சத்தத்துக்கு எழுந்து ஓடியே போவான். மறு வாரம் ஒரு காலையில் அவள் ஏதோ வேலையாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். தபால் ஆபீஸ் ஸ்டாப்பில் நம் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்தபடி.

அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "என்னண்ணே இது? நடக்கறேன்னு சொல்லிட்டு பஸ்லதான் போறீங்களா?"

"ச்சே, நடந்துட்டுதான் இருக்கேன்."

"நடக்கறவர் எதுக்கு நிக்கறீங்க?"

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தான் நிற்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்த மாதிரி இருந்தது. "ஸ்டாப் வந்துச்சு," என்றார்.

"ஸ்டாப் வந்தா?"

"நின்னேன்."

கண்டக்டர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள். "எல்லா ஸ்டாப்லயுமா?"

அவர் யோசித்தார். பாலத்தில் நிற்கிறார். கண்ணாடிக் கடையில் நிற்கிறார், அங்கே எப்போதும் கூட்டம் அதிகம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறார். அக்கா வீட்டு ஸ்டாப்பில் நிற்பது தனி. சிக்னல் பச்சையாக இருந்தாலும் முன்னால் ஒரு தரம் வேகத்தைக் குறைக்கிறார். வேகத்தடையில் பாதத்தை மெல்ல ஏற்றி மெல்ல இறக்குகிறார். பத்தொன்பது வருஷப் பழக்கம் காலுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மூச்சு கொஞ்சம் ஏறும்போது ஸ்டாப் வந்துவிடுகிறது, இறங்கின மூச்சோடு அடுத்த ஸ்டாப் வரை ஆடி அசைந்து போகிறார்.

"ஆமா," என்றார் மெல்ல.

"சரி. நின்னுட்டீங்க. மறுபடி எப்ப கிளம்புவீங்க?"

இதற்குப் பதில் அவர் வாய்க்கு உடனே வந்துவிட்டது. வந்த பிறகுதான் வெட்கம் வந்தது. "நீ விசில் கொடுக்கணும்ல."

கண்டக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு விஷயம் புரிந்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிரைவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. நடை எங்கே போயிற்று என்று இத்தனை நாளாகத் தேடியது இதோ, ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்கிப் போயிருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது என்றால் வழியும் கிடைத்துவிட்டது. நெஞ்சுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. பாலமே ஏறாமல் அப்படி அடித்தது அதுதான் முதல் தடவை.

கண்டக்டர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தாள். "இன்னியிலேருந்து நீங்க எக்ஸ்பிரஸ் அண்ணே. இடையில நிக்காது." இரண்டு விசில் கொடுத்தாள். டிரைவரின் கால் அவரைக் கேட்காமலே கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊர் பார்க்க நடந்தது. காலையில் முன்னால் சிம்மாசனம், பின்னால் சைக்கிளில் கண்டக்டர். ஸ்டாப் நெருங்கினால் அவர் கால் தயங்கும், பின்னாலிருந்து இரண்டு விசில் கிளம்பும், கால் பிய்த்துக்கொண்டு போகும். நாலைந்து நாள் ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரு போராட்டமாக இருந்தது. கண்ணாடிக் கடை ஸ்டாப்பில் அவர் முழங்காலே பிரேக் போட்டது. கடைக்காரர் வெளியே வந்து நின்று, "இங்க யாரும் இறங்கல, ரைட்டு, ரைட்டு," என்று கத்தினார். பிறகு அது அவருக்குத் தினப்படி வேலையாகிவிட்டது. ஸ்டாப்பில் நிற்கிற பிரயாணிகள் கையைக் காட்டி வண்டியை நிறுத்துகிற மாதிரி பாவனை செய்து சீண்டுவார்கள். அவர் அசைந்து கொடுக்க மாட்டார்.

டாக்டர் சொன்ன அளவும் கண்டக்டர் கையில்தான் இருந்தது. "பாடுங்கண்ணே," என்பாள். பாட்டு வந்தால் வேகம் பத்தாது என்று இரண்டு விசில். அவருக்குப் பாட வராது என்பதால் பாட்டு எது, மூச்சிரைப்பு எது என்பதில் தினமும் ஒரு தகராறு நடந்தது. டிப்போ மெக்கானிக் தன் பங்குக்கு ஒரு பழைய டயரைக் கொடுத்து, இதைப் புரட்டு, நிமிர்த்து, மறுபடி புரட்டு என்றார். ஒரு நாள் கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் டிரைவர் முதல் ஆளாகக் குதித்து இறங்கினார். அன்றைக்கு ஜன்னலுக்கு வந்த டீ, ஆளில்லாமல் திரும்பிப் போனது. டீக்கடைக்காரர் பதறிப்போய், அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று ஆள் விட்டு விசாரித்தார்.

உடம்புக்கு என்ன? அது பாட்டுக்குத் திருந்திக்கொண்டு வந்தது. முதலில் வந்தது தூக்கம். படுத்தால் விடிந்துதான் கண் திறந்தது. பிறகு இத்தனை வருஷமாக இடுப்பில் குடியிருந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போய்விட்டது. வயிறு ஸ்டியரிங்கில் இடிக்காததால் சீட்டை முன்னால் தள்ளிப் போட வேண்டியிருந்தது. முதலில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார், கடைசியில் பெல்ட்டையே மாற்றினார். இதையெல்லாம்விட ஒரு வேடிக்கை நடந்தது. குறுக்கே புகுந்த சைக்கிள்காரனை அவர் திட்டவில்லை. "போ ராசா, பார்த்துப் போ," என்றார். பஸ்ஸில் இருந்த கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அவருக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. காலையில் வேர்வை வடிந்துவிட்டால் மனசில் இருக்கிற கசடும் அதோடு வடிந்துவிடுகிறது போலிருக்கிறது. இத்தனை நாள் இந்தச் சந்தோஷத்தை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று ஒரு ஏக்கம்கூட வந்தது. சொன்னார்கள்தான், இவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லா ஸ்டாப்பையும் ஜெயித்த பிறகும் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அக்கா வீட்டு ஸ்டாப். அங்கே மட்டும் கண்டக்டர் விசிலைப் பையில் போட்டுக்கொள்வாள். அவர் நின்று, மேலே பார்த்து, அக்காவிடம் முகம் காட்டிவிட்டுத்தான் போவார். அக்காவுக்கு நாளுக்கு நாள் உடம்பு தளர்ந்துகொண்டே வந்தது. வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, சில நேரம் பேச்சு நடுவில் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஆனாலும் காலையில் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

ஒரு நாள் பாலம் இறங்கி வருகிற வேகத்தில் டிரைவருக்கு நடை போதவில்லை. கால் தானாக ஓட்டமாக மாறியது. ஓடத் தெரியாத ஓட்டம், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஆனால் ஓட்டம்தான். வாழ்க்கையில் முதல் ஓட்டம். அக்கா வீட்டு ஸ்டாப் வந்தது, போனது. மேலே ஜன்னலிலிருந்து, "டேய், நில்லுடா, விழுந்துடுவே," என்று அக்காவின் குரல் கேட்டது. அவர் நிற்கவில்லை. திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தி ஆட்டினார். மைதானம் வரை ஓடி, புல்லில் மல்லாந்து விழுந்து, வானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார். மாலையில் மாமா டிப்போவுக்கு வந்தார். கையில் டப்பா இல்லை.

"உங்க அக்கா இன்னைக்கு ஒண்ணும் செய்யல," என்றார். "நீ ஓடினதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் ஜன்னல்லயே நின்னா."

கடைசி ஸ்கேன் நாள் வந்தது. டிரைவருக்கு அன்றைக்கு லீவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார முடியவில்லை, குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உட்காரச் சொன்ன நர்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். உள்ளே கூப்பிட்டதும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. டாக்டர் திரையைத் திருப்பவில்லை. அவரே கொஞ்ச நேரம் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் திருப்பினார். சாம்பல் நிறம் மாறியிருந்தது. உருவம் சுருங்கி, ஓரமெல்லாம் தெளிவாக இருந்தது.

"ஆபரேஷனுக்கு எடுத்துக்கலாம் சார்," என்றார் டாக்டர். "ரத்தப் பரிசோதனையும் நல்லாருக்கு. பிரஷர் இறங்கியிருக்கு, சர்க்கரை இறங்கியிருக்கு."

டிரைவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்லணும். முதல்ல சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லல. உங்க அக்கா எந்த வழியா இந்த இடத்துக்கு வந்தாங்களோ, அதே வழியில கொஞ்சம் பின்னால நீங்க வந்துட்டிருந்தீங்க. ஒரு பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம். அப்புறம் இதே நாற்காலியில நீங்க உட்கார்ந்திருப்பீங்க, நான் உங்களுக்கு ஆள் தேடிட்டிருப்பேன். இப்ப திரும்பிட்டீங்க. விடாம நடந்தா இப்படியே இருப்பீங்க." டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சம்மதம் சொல்லணும். அது இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன்."

வெளியே வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டாப்பில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஓடினார். பாலத்து ஏற்றத்தில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. அவருடைய பதினேழாம் நம்பரேதான், வேறு டிரைவர் ஓட்டி வந்தார். பின்படியில் கண்டக்டர் தொங்கிக்கொண்டு, "என்னாச்சுண்ணே?" என்றாள்.

"எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

அவள் விசிலை வாயில் வைத்து, பாலம் முடிகிற வரை எடுக்கவே இல்லை. ஓட்டி வந்தவர் எதற்கு நிற்பது, எதற்குப் போவது என்று தெரியாமல் திண்டாடிப் போனார். அவரை ஓவர்டேக் செய்துகொண்டு சிம்மாசனம் இறக்கத்தில் போய்விட்டது.

அக்கா வீட்டுப் படியை எந்தத் திருப்பத்திலும் நிற்காமல் ஏறினார். கதவு திறந்துதான் இருந்தது.

"யாருங்க அது?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நான்தான்க்கா."

"நீயா? யாரோ சின்னப் பசங்க ஓடி வர்றாங்கன்னு நினைச்சேன்."

அவர் சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஸ்கேன் விவரத்தைச் சொன்னார். மாமா சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும் அசையவில்லை.

"சந்தோஷம். உன் உடம்பு தேறிடுச்சுல்ல, அது போதும்," என்றாள். "எனக்கு வேணாம். நான் யார்கிட்டயும் எதையும் வாங்கினதில்ல. உன்கிட்டயா வாங்குவேன்?"

"நான் சொல்றதை முழுசாக் கேளு," என்றார் டிரைவர். டாக்டர் கடைசியில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அதே வழி, அதே நாற்காலி, பத்து வருஷம். "நீ படுக்கலைன்னா நான் எழுந்தே இருக்க மாட்டேன்க்கா. உனக்குக் கொடுக்கணும்னுதான் நடந்தேன். அதுல நான் பிழைச்சுட்டேன். இந்த ஈரல் நீ கொடுத்தது. உன்னோடதுல பாதியைத்தான் உனக்குத் திருப்பித் தரப் போறேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் கண்ணில் என்ன ஓடுகிறது என்று இந்தத் தடவை அவரால் படிக்க முடியவில்லை. தெருவில் ஒரு பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது.

"அப்ப முதல்ல கொடுத்தது நான்தான்கிறே," என்றாள்.

"நீதான்."

"எனக்காகச் சும்மா சொல்லக் கூடாது."

"சத்தியமா நீதான்க்கா. டாக்டரையே கேளு."

அக்கா மாமா பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? முதல்ல கொடுத்தது நான்." பிறகு போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். அந்தக் கை எப்போதும் கவிழ்ந்தே நீளும், எதையாவது வைத்துவிட்டுத் திரும்பும். இப்போது உள்ளங்கை மேலே பார்க்க, தம்பியின் முன்னால் அதை நீட்டினாள்.

"தூக்கிவிடு. டாக்டர் எப்ப வரச் சொன்னார்?"